மலைகளை எண்ணிய மன்றோ

ஒரு நாட்டின் செல்வம் யாது என வினவினால், நன்செய் நிலம் என்பார் சிலர். பொன்னும் இரும்பும் கிடைக்கும் சுரங்கம் என்பார் சிலர். கடல் வாணிகம் என்பார் வேறு சிலர். நெல் விளையாத, கனி பழுக்காத, பனியும் மூடுபனியும் சூழ்ந்து கிடக்கும் மொட்டை மலையுச்சிகளும் ஒரு நாட்டிற்குச் செல்வமாகும் என்று கூறினால், அதனை எளிதில் நம்புவார் இலர். ஆயினும், ஸ்காட்லாந்து நாட்டில் அவ்வாறே நிகழ்ந்தது. அச்செல்வத்தை அந்நாட்டு மக்களுக்குத் தேடித் தந்த பெருமக்களுள் சிறப்பாக எண்ணத் தக்கவர் சர் ஹியூ தாமஸ் மன்றோ என்பவர். அவர் மலையைக் குடைந்து பொன் எடுத்தவர் அல்லர். மலைமேல் மாளிகை எழுப்பியவரும் அல்லர். தம் நாட்டில் உயர்ந்த மலைகள் எத்தனை என்று பிழையற எண்ணி ஒரு பட்டியல் எழுதினார். அவ்வளவே அவர் செய்தது. அப்பட்டியல் ஆளற்றுக் கிடந்த மலைப்புறங்களுக்கு ஆள்வரவையும் வாழ்வையும் தந்தது. அது நிகழ்ந்த வகையை ஈண்டுக் காண்போம்.

பாட்டனாரும் பேரரும்

மன்றோ என்னும் பெயர் தமிழ்நாட்டார்க்குப் புதியது அன்று. சென்னை மாநகரில் தீவுத்திடலை அடுத்து, உயர்ந்த மேடையின்மேல், குதிரையில் அமர்ந்த கோலத்தில் வெண்கலச் சிலையாக விளங்குபவர் தாமஸ் மன்றோ. அவர் 1780ஆம் ஆண்டு கும்பெனிப் படையில் சேர்ந்து, இளைஞராகச் சென்னைக்கு வந்தவர். 1792ஆம் ஆண்டு தொடங்கி ஏழாண்டுக் காலம், இன்றைய சேலம், தருமபுரிப் பகுதிகள் அடங்கிய பாரமகால் நாட்டில் வரித்துறை அலுவலராக உழைத்தார். ஒவ்வொரு வயலையும் அளந்து, உழுபவன் பெயரைக் கணக்கில் ஏற்றி, இடையில் வேறொருவர் இன்றி அவனிடமே வரி தண்டும் இரயத்துவாரி முறை இந்நாட்டில் வேரூன்றுவதற்கு அவர் பெரிதும் காரணராயினார். 1820ஆம் ஆண்டு சென்னை மாகாண ஆளுநரானார். 1827ஆம் ஆண்டு சுற்றுப்பயணத்தின்போது பட்டிகொண்டா என்னும் ஊரில் வாந்திபேதி நோய் கண்டு உயிர் நீத்தார். அவர் இறப்பதற்கு இரண்டாண்டு முன்னர், ஸ்காட்லாந்திலுள்ள லிண்டர்ட்டிஸ் என்னும் இடத்தின் பெயரோடு, வழிவழியாக வரும் பாரனெட் என்னும் பட்டம் அவருக்கு வழங்கப்பட்டது.

ஆளுநர் மன்றோவின் இளைய மைந்தர் காம்பெல் மன்றோ. காம்பெலின் மூத்த மைந்தரே நம் வரலாற்றுத் தலைவராகிய ஹியூ மன்றோ. பாட்டனார் மறைந்து இருபத்தொன்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே பேரர் பிறந்தார். ஆதலின், ஒருவரை ஒருவர் கண்டதில்லை. எனினும், ஒன்றைப் பொதுப்படச் சொல்லி அமையாமல், தனித்தனியே கண்டு, தனித்தனியே குறித்து வைக்கும் பண்பு இருவரிடத்தும் விளங்கியது. பாட்டனார் வயல்களைக் கணக்கெடுத்தார். பேரர் மலைகளைக் கணக்கெடுத்தார்.

இளமைப் பருவம்

ஹியூ மன்றோ 1856ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 16ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். குடும்பத்திற்குரிய லிண்டர்ட்டிஸ் பண்ணை, ஸ்காட்லாந்தின் கிழக்குப் பகுதியில், கிரிமியூர் என்னும் சிற்றூரின் அருகே இருந்தது. அவ்வூருக்கு வடக்கே மலைகள் அணியணியாக உயர்ந்து செல்லும். நகரில் பிறந்தவராயினும், ஹியூவின் உள்ளம் அம்மலைகளின்பாற் சென்றது.

பதினேழாம் வயதில் ஜெர்மன் மொழி பயிலும்பொருட்டு அவர் ஸ்டுட்கார்ட் நகருக்குச் சென்றார். அக்காலத்தில் ஆல்ப்ஸ் மலைகளைக் காணவும் ஏறவும் வாய்ப்புக் கிடைத்தது. மலையேறுதலில் அவர் கொண்ட வேட்கை அன்று தொடங்கியது. வாழ்நாள் முழுவதும் தணியவில்லை. பின்னர் இலண்டனில் சில காலம் வணிகத் துறையில் பயிற்சி பெற்றார். அத்தொழிலில் அவர் மனம் ஒன்றவில்லை, உடலும் நலிவுற்றது. 1880ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்கா சென்று, நேட்டால் நாட்டு ஆளுநரிடம் தனிச் செயலராக அமர்ந்தார். அந்நாட்டில் மூண்ட பசூட்டோப் போரில் குதிரைப்படைத் தொண்டராகவும் பணியாற்றினார்.

தாயகம் திரும்பியபின், லிண்டர்ட்டிஸ் பண்ணையை மேற்பார்க்கும் பொறுப்பு அவரைச் சார்ந்தது. 1885ஆம் ஆண்டு பாராளுமன்றத் தேர்தலில் நின்றார், வெற்றி கிட்டவில்லை. அரசியலில் பெறாத புகழை அவர் மலையில் பெறுவார் என்பதை அன்று அறிந்தவர் எவரும் இலர்.

அக்கால மலைநாடு

மன்றோவின் பணியின் அருமையை உணர வேண்டுமாயின், அக்காலத்து ஸ்காட்லாந்து மலைநாட்டின் நிலையை நாம் அறிதல் வேண்டும். அந்நாட்டின் வடக்கும் மேற்கும் மலை மிகுந்தவை. அங்கே கேலிக் மொழி பேசும் மக்கள் பன்னூறாண்டுகளாகக் கால்நடை மேய்த்தும், சிறு நிலங்களை உழுதும் வாழ்ந்து வந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும், ஆட்டுப் பண்ணைகளால் மிகுந்த வருவாய் வரக் கண்ட நிலவுடைமையாளர் பலர், அம்மக்களை அவர்தம் ஊர்களினின்றும் வெளியேற்றினர். அடுப்புப் புகைந்த மனைகள் கூரையிழந்து குட்டிச்சுவராயின. மக்களுள் பலர் கடற்கரைக்குப் பெயர்ந்தனர். பலர் கப்பலேறிக் கனடா முதலிய நாடுகளுக்குச் சென்றனர்.

ஆட்டுப் பண்ணைகளின் வருவாய் குன்றியபின், அம்மலைகளிற் பெரும்பகுதி செல்வர்கள் மான் வேட்டையாடும் காடுகளாக ஒதுக்கப்பட்டது. ஆண்டில் சில கிழமைகள் மட்டும் வேட்டைக்காரர் வருவர்; எஞ்சிய நாளெல்லாம் மலையில் காவலரே இருப்பர். மலைமேல் நடந்து செல்ல விரும்பிய பொதுமக்களுக்கு வழி மறுக்கப்பட்டது. மலைகளில் நடக்கும் உரிமையை மக்களுக்கு அளிக்கக் கருதி, ஜேம்ஸ் பிரைஸ் என்னும் அறிஞர் 1884ஆம் ஆண்டு பாராளுமன்றத்தில் ஒரு மசோதாவைக் கொணர்ந்தார், அது சட்டமாகவில்லை. இவ்வாறு, மலைகள் இருந்தும் அவை மக்களுக்கு இல்லாதன போலவே கிடந்தன.

மலைகளைப் பற்றிய அறிவும் அந்நாளில் மிகக் குறைவாகவே இருந்தது. ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேற்பட்ட உயரமுடைய மலைகள் முப்பது அளவில் இருக்கும் என்றே பலரும் எண்ணியிருந்தனர். தம் வீட்டுக் கொல்லையில் நிற்கும் மரங்களின் எண்ணிக்கையை ஒருவன் பத்தில் ஒன்றாகக் கருதினால் அதனை என்னென்பது! அந்நாட்டாரின் அறியாமை அத்தகையதாகவே இருந்தது.

கழகமும் கணக்கும்

1889ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து மலையேறுவோர் கழகம் தோன்றியது. அதனை நிறுவிய உறுப்பினருள் மன்றோவும் ஒருவர். பின்னர், 1894ஆம் ஆண்டு தொடங்கி மூன்றாண்டு அவர் அதன் தலைவராகவும் விளங்கினார். கழகம் ஓர் இதழையும் நடத்தியது. 3,000 அடிக்கு மேற்பட்ட மலைகள் அனைத்தையும் தொகுத்து ஒரு பட்டியல் வெளியிட வேண்டும் என்று கழகத்தார் கருதினர். அப்பணியை ஏற்கத் தக்கவர் மன்றோவே என முடிவு செய்து, அவரிடம் ஒப்படைத்தனர்.

பணி எளிதன்று. அரசின் நில அளவைத் துறையார் வரைந்த படங்கள் இருந்தன. ஆனால், எல்லா உச்சிகளுக்கும் அவற்றில் உயரம் குறிக்கப்படவில்லை. சில படங்களில் உயரம் இருக்கும், பெயர் இராது. சிலவற்றில் பெயர் இருக்கும், உயரம் இராது. ஒரு படமும் மற்றொரு படமும் மாறுபடும் இடங்களும் உண்டு. மன்றோ அப்படங்களைத் தாள்தாளாக விரித்து, வரிவரியாக ஒப்புநோக்கினார். படத்தால் தெளியாத இடங்களுக்குக் காற்றழுத்தமானியைக் கையில் ஏந்தித் தாமே நடந்து சென்றார். மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறையும் ஆதலின், அக்குறைவைக் கொண்டு உயரத்தைக் கணக்கிடலாம். மழை பெய்யினும், பனி உறையினும், மூடுபனி கண்ணை மறைப்பினும் அவர் தளர்ந்திலர். தாமும் நிலவுடைமையாளராதலின், பிறருடைய வேட்டைக்கு இடையூறு நேராதவாறு சில மலைகளில் இரவிலே ஏறினார் என்றும் கூறுவர்.

உயரத்தை அளந்த பின்னரும் ஓர் ஐயம் எழுந்தது. ஒரே மலைத்தொடரில் பல முடிகள் இருக்குமாயின், அவற்றைப் பல மலைகளாகக் கொள்வதா, ஒரு மலையின் பல முடிகளாகக் கொள்வதா? இதற்கு அளவுகோல் இல்லை. இடையிலுள்ள பள்ளத்தின் ஆழம், ஒன்றினின்று மற்றொன்று விலகி நிற்கும் தொலைவு, மலையின் தோற்றம் ஆகியவற்றையெல்லாம் சீர்தூக்கி அவர் முடிவு கண்டார்.

1891ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் கழகத்தின் இதழில் பட்டியல் வெளிவந்தது. 3,000 அடிக்கு மேற்பட்ட முடிகள் 538 என்றும், அவற்றுள் தனிமலையாகக் கொள்ளத் தக்கவை 283 என்றும் அது காட்டியது. முப்பது என்று எண்ணியிருந்தோர் திகைத்தனர். மலை ஒன்றும் புதிதாக முளைக்கவில்லை. மக்கள் கண்ணே புதிதாகத் திறந்தது. நாளடைவில் அம்மலைகளுக்கு அவர் பெயரே பொதுப்பெயராயிற்று. 3,000 அடிக்கு மேற்பட்ட தனிமலை ஒவ்வொன்றையும் இன்று அந்நாட்டார் ஒரு மன்றோ என்றே வழங்குகின்றனர். நாட்டை வென்ற மன்னர்க்கும் எளிதில் வாய்க்காத பேறு அன்றோ இது!

எட்டாத முடிகள்

பட்டியல் வெளிவந்ததும், அதிலுள்ள மலைகள் அனைத்தையும் ஏறி முடிக்க வேண்டும் என்னும் ஆர்வம் பிறந்தது. மன்றோ தாமும் அம்முயற்சியில் இறங்கினார். தனிமலைகளோடு அமையாமல், பட்டியலிற் கண்ட எல்லா முடிகளையும் ஏறிவிட வேண்டும் என்பது அவர் கருத்து. ஆயினும், 1901ஆம் ஆண்டு தனிமலைகள் அனைத்தையும் முதன்முதல் ஏறி முடித்தவர் என்னும் புகழ், ஆர்ச்சிபால்ட் ராபர்ட்சன் என்னும் சமயகுருவுக்குச் சென்றது.

மன்றோவுக்கு எஞ்சியவற்றுள் இரண்டு முடிகள் குறிக்கத் தக்கவை. ஒன்று, ஸ்கை தீவிலுள்ள செங்குத்தான பாறை முடி. அணுகலாகாப் பாறை என்பதே அதன் பெயர்ப் பொருள். நடந்து ஏற இயலாது. கயிற்றின் துணையோடு கைகளாற் பற்றியே ஏறுதல் வேண்டும். மன்றோ அதனை ஏறக் கருதிச் சென்றபோதெல்லாம் காற்றும் மழையும் தடுத்தன. மற்றொன்று, கார்ன் கிளோக்வூலின் என்பது. திரிகைக்கல் குன்று என்று அப்பெயர் பொருள்படும். இஃது ஏறுதற்கு எளியது. அவர் வாழ்ந்த பகுதிக்கும் அணித்தானது. ஆதலின், எல்லா முடிகளையும் முடித்தபின் நண்பர்களுடன் மகிழ்ந்து ஏறுவதற்கென்று அதனைக் கடைசியாக வைத்திருந்தார். அரியது அரிதாதலால் எஞ்சியது. எளியது எளிதாதலால் எஞ்சியது. இரண்டும் அவருக்குக் கடைசி வரை கைகூடவில்லை.

இதில் ஒரு வியப்பும் உண்டு. பின்வந்தோர் பட்டியலைத் திருத்தியபோது, அணுகலாகாப் பாறை தனிமலையாக உயர்த்தப்பட்டது. மன்றோ இறுதி விழாவிற்கென ஒதுக்கி வைத்த திரிகைக்கல் குன்றோ, 1981ஆம் ஆண்டு தனிமலைகளினின்றும் நீக்கப்பட்டு, வெறும் முடியாகத் தாழ்த்தப்பட்டது. உண்மை கண்டபோது தொகுத்தவர் விருப்பத்திற்கென அதனை மறைக்காமல் திருத்தியது, அவரை மதித்தவர் செய்த நேர்மையான செயலேயாகும்.

தொண்டும் மறைவும்

மன்றோ 1892ஆம் ஆண்டு மணம் புரிந்தார், மக்களைப் பெற்றார். பத்தாண்டு வாழ்ந்து மனைவியார் மறைந்தார். துயருற்ற நிலையிலும் மக்களைப் பேணினார், பண்ணையைக் காத்தார், பட்டியலைத் திருத்தும் பணியையும் கைவிட்டாரில்லை. 1913ஆம் ஆண்டு தந்தையார் இறந்தபின் பாரனெட் பட்டம் அவருக்கு வந்தது.

1914ஆம் ஆண்டு முதல் உலகப்போர் மூண்டது. படையிற் சேரும் வயதை அவர் கடந்திருந்தார். ஆயினும், வீட்டில் இருக்க மனம் ஒப்பவில்லை. 1915ஆம் ஆண்டு மால்டாத் தீவிற்குச் சென்று, காயமுற்றோர், காணாமற்போனோர் ஆகிய வீரர்களைப் பற்றி விசாரித்து அறியும் தொண்டில் ஈடுபட்டார். அங்கும் எண்ணிக் குறிப்பதே அவர் பணியாயிற்று. ஆனால், அங்கே எண்ணப்பட்டவை மலைகள் அல்ல. தாய்மார் பெற்ற பிள்ளைகள். 1918ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டின் தென்பகுதியில் தராஸ்கோன் நகரில் படைவீரர்க்கு உணவளிக்கும் விடுதி ஒன்றை நடத்தினார். அப்போது உலகெங்கும் நச்சுக்காய்ச்சல் பரவியது. அது மன்றோவையும் பற்றிச் சீதசன்னியாக முற்றியது. 1919ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 19ஆம் நாள், தம் அறுபத்திரண்டாம் வயதில், தம் மலைகளுக்கு நெடுந்தொலைவில் அவர் உயிர் துறந்தார். அவர் எழுதி வைத்த திருத்தக் குறிப்புகளைக் கொண்டு, கழக நண்பர்கள் 1921ஆம் ஆண்டு பட்டியலின் புதிய பதிப்பை வெளியிட்டனர்.

பட்டியல் தந்த பொருள்வளம்

ஒரு பட்டியல் நாட்டிற்கு எவ்வாறு பொருள் ஈட்டித் தரும் என்று மாணவர்கள் வினவலாம். அதன் வகையைச் சிறிது விளங்கக் காண்போம்.

பட்டியல் இல்லாத காலத்தில், மலை காண வந்தோர் பெயர்பெற்ற சில மலைகளையே நாடினர். நாட்டின் மிக உயர்ந்த மலையாகிய பென் நெவிஸையோ, நகருக்கு அணித்தான பென் லோமன்டையோ கண்டு, வந்த வழியே திரும்பினர். அவர் கொணர்ந்த பொருளும் அவ்விடங்களிலேயே தங்கியது. பட்டியலோ, புகழ்பெற்ற மலையையும் பெயரறியாத மலையையும் ஒரே நிரையில் வைத்தது. எல்லாவற்றையும் ஏற விரும்புவோன், தெற்கே பென் லோமன்ட் முதல் வடக்கே பென் ஹோப் வரையில் உள்ள பள்ளத்தாக்குகளுக்கெல்லாம் சென்றே தீர வேண்டும். கடல் கடந்து ஸ்கை தீவிற்கும் மல் தீவிற்கும் போக வேண்டும். ஒரு முறை வந்து முடிப்பதும் இயலாது. ஆண்டுதோறும் வந்தாலும் பலர்க்குப் பத்தாண்டும் இருபதாண்டும் ஆகும். வாய்க்கால் வகுத்துக் கடைமடைக்கும் நீர் பாய்ச்சும் உழவன் போல, அப்பட்டியல் மக்களின் வரவைத் தொலைவிலுள்ள சிற்றூர்களுக்கும் பிரித்து அனுப்பியது.

மலையேறுவோன் உண்ண வேண்டும், உறங்க வேண்டும், நனைந்த உடையை உலர்த்த வேண்டும். அவனுக்குத் தடித்த காலணி வேண்டும். மழை புகாத மேலாடை வேண்டும். நிலப்படமும் திசைகாட்டியும் வேண்டும். ஆதலின், உணவு விடுதிகளும் தங்கும் விடுதிகளும் பெருகின. காலணியும் உடையும் விற்கும் கடைகள் தோன்றின. வழிகாட்டிகள் பிழைப்புப் பெற்றனர். 1894ஆம் ஆண்டு வில்லியம் கோட்டை நகர் வரையில் திறக்கப்பட்ட மேற்கு மலைநாட்டு இருப்புப்பாதையில், பொதுச் சாலையே எட்டாத காரவர் என்னும் நிலையம் இன்றும் மலைநடையர்க்குப் பயன்படுகின்றது. வேட்டைக்காரர் வரும் சில கிழமைகளோடு முடிந்துபோன ஊர்களின் வருவாய், மலைநடையர் வரவால் இளவேனிலுக்கும் கோடைக்கும் பனிக்காலத்திற்கும் நீண்டது. மக்கள் வெளியேறிய பள்ளத்தாக்குகள் பழையபடி நிறைந்துவிடவில்லை. அன்று சென்றவர் திரும்பவும் இல்லை. ஆயினும், எஞ்சியிருந்தோர் ஊரைவிட்டு அகலாமல் வாழ்வதற்கு ஒரு வழி பிறந்தது.

இன்று அப்பட்டியலில் உள்ள தனிமலைகள் 282. அவற்றை ஏறி முடித்ததாகக் கழகத்தின் ஏட்டில் பெயர் பதிந்தோர் 7,000 பேருக்கு மேற்பட்டவர். 1974ஆம் ஆண்டு ஹேமிஷ் பிரவுன் என்பார் இடைவிடாத ஒரே பயணமாக 112 நாளில் அனைத்தையும் முடித்தார். முடிக்காமலே, இயன்றபோது ஓரிரு மலைகளை ஏறி மகிழ்வோர் எண்ணிறந்தவர்.

பட்டியல் தந்த பண்பாட்டுச் செல்வம்

பொருள்வளத்தினும் சிறந்தது பண்பாட்டு வளம். அம்மலைகளின் பெயர்களிற் பெரும்பாலானவை கேலிக் மொழிப் பெயர்கள். பென் மோர் என்பது பெருமலை. ஸ்கூர் டெராக் என்பது செம்முடி. மற்றொரு மலைக்குக் கன்னி என்று பெயர். இவற்றை இட்டவர் மன்றோ அல்லர். அங்கே ஆடு மாடு மேய்த்த ஆயரும் உழவரும் ஆவர். அம்மக்கள் ஊரை இழந்தனர். அவர் மொழியைப் பேசுவோரும் குறைந்தனர். ஆயினும், அவர் இட்ட பெயர்கள் பட்டியலில் ஏறி, அம்மொழி அறியாத ஆயிரக்கணக்கானோர் நாவிலும் வழங்கி வருகின்றன. மலையேறச் செல்வோர் பெயரின் பொருளைக் கேட்டு அறிகின்றனர்; அதன்வழி அங்கு வாழ்ந்த மக்களின் வரலாற்றையும் அறிகின்றனர்.

மலைகளை நேசித்தவர் அவற்றைக் காக்கவும் முன்வந்தனர். புகழ்பெற்ற கிளென்கோப் பள்ளத்தாக்கு 1935ஆம் ஆண்டு விலைக்கு வந்தபோது, அது ஸ்காட்லாந்தின் தேசிய அறக்கட்டளைக்கு உடைமையாயிற்று. அடுத்திருந்த மலைகளும் 1937ஆம் ஆண்டு அவ்வாறே சேர்க்கப்பட்டன. பெர்சி உன்னா என்னும் மலையேற்றக் கழகத் தலைவர் அதன்பொருட்டு மலையேறுவோரிடம் நிதி திரட்டினார். தாமும் பெருந்தொகை அளித்தார். மலைகளின் இயற்கை நிலை கெடாமலும், மக்கள் தடையின்றி நடக்குமாறும் காக்க வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டார். 1884ஆம் ஆண்டு பாராளுமன்றத்தில் தோல்வியுற்ற கோரிக்கையும் வீணாகவில்லை. ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் 2003ஆம் ஆண்டு இயற்றிய நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்புணர்ந்து நடக்கும் யாவர்க்கும் மலைகளிலும் காடுகளிலும் செல்லும் உரிமையை உறுதி செய்தது. இருளில் ஒதுங்கி ஏற வேண்டியிருந்த மலைகளில் இன்று எளியவரும் பட்டப்பகலில் நிமிர்ந்து நடக்கின்றனர்.

வளத்தோடு கடமையும் வரும். பல்லாயிரம் கால்கள் பட்டுப் பாதைகள் அரிக்கப்படுகின்றன. தொண்டர்கள் கல் பாவி அவற்றைச் செப்பனிடுகின்றனர். எண்ணிக்கையை விரைந்து முடிக்கும் ஆசையால், வானிலை பாராது ஏறி இடர்ப்படுவோரும் உளர். அவர்களை மீட்பதற்கு, ஊதியம் பெறாத தொண்டர் குழுவினர் நள்ளிரவிலும் பனியிலும் மலையேறுகின்றனர். ஏறிய மலைகளை எண்ணுவோர், இவர்தம் உழைப்பையும் எண்ணிப் பார்த்தல் கடனாகும்.

அவர் வாழ்க்கை உணர்த்துவது

மன்றோவின் பட்டியலில் பிழைகள் இல்லாமல் இல்லை. நுண்ணிய கருவிகள் வந்தபின், 3,000 அடிக்குச் சிறிது குறைந்தவை என 2009ஆம் ஆண்டு ஒரு மலையும் 2012ஆம் ஆண்டு ஒரு மலையும் நீக்கப்பட்டன. ஆனால், ஒற்றை மனிதர் நிலப்படத்தையும் காற்றழுத்தமானியையும் தம் கால்களையும் மட்டுமே துணையாகக் கொண்டு 283 என்று எழுதிய எண்ணும், நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின் வானத்துச் செயற்கைக் கோள்களின் துணையால் கண்ட 282 என்னும் எண்ணும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன! இடையே சில மலைகள் சேர்க்கப்பட்டன, சில நீக்கப்பட்டன என்பது உண்மையே. ஆயினும், அவர் இட்ட அடித்தளம் பெயரவில்லை.

அவர் தம் பட்டியலுக்கு விலை கேட்டிலர். அதனால் தம் பண்ணைக்கு வருவாய் தேடியதும் இல்லை. நாட்டின் வளத்தைப் பெருக்குவோம் என்று முழங்கியவரும் அல்லர். ஏற்ற பணியைத் திருந்தச் செய்தார். செய்ததை எல்லார்க்கும் பொதுவாக வைத்தார். தாம் தொகுத்த முடிகள் அனைத்தையும் அவர் ஏறி முடிக்கவில்லை. பிறர் ஏறுவதற்கு வழிசெய்து சென்றார். இன்று ஏதோ ஒரு பள்ளத்தாக்கில் மலைநடையர்க்குச் சூடான கஞ்சி வழங்கிப் பிழைக்கும் விடுதிக்காரரின் வருவாயில், அவர் உழைப்பின் ஒரு பங்கு கலந்துள்ளது. அதனை அவர் அறிந்து செய்தாரல்லர். ஆயினும், நாம் அறிந்து போற்றுதல் தகும்.

பொன்னைத் தேடித் தொலைநாடு செல்வோர் பலர். தம் நாட்டில் உள்ளவற்றை உள்ளவாறு அறிந்து, பிறர்க்கு அறிவிப்போர் சிலரே. குளங்கள் எத்தனை, ஓடைகள் எத்தனை, மரங்கள் எத்தனை, அவற்றின் பெயர்கள் யாவை என்று எண்ணிக் குறிக்கும் சிறுபணியும், காலம் கனியும்போது பெருஞ்செல்வமாகும். எண்ணப்படாதவை காக்கப்படுவதில்லை, பெயர் அறியப்படாதவை நேசிக்கப்படுவதும் இல்லை. இவ்வுண்மைக்குச் சான்றாக, ஸ்காட்லாந்தின் மலைமுடிகள் தோறும் ஹியூ மன்றோவின் பெயர் நின்று நிலவுகின்றது.